சேலம் போர் தண்ணிக்கு வீட்லயே துணி லிக்விட் பண்ணலாமா?

சூரமங்கலத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்ல அஞ்சு பேர், அதுல ரெண்டு ஸ்கூல் பசங்க, ஃப்ரண்ட் லோட் மெஷின், போர் தண்ணி. சோப்புத்தூள் செலவு தாங்கலைன்னு வீடியோ பாத்து பார் சோப்ப துருவி சலவை சோடா போட்டு காய்ச்சி லிக்விட் பண்ணாங்களாம், கொஞ்ச நாள்லயே டவல் எல்லாம் மொடமொடன்னு ஆகிடுச்சு, யூனிஃபார்ம் வெள்ளை சட்டை சாம்பல் கலர்ல வருது, மெஷின் கதவு ரப்பர்ல பிசுக்கு ஒட்டுது, என்ன தப்பு பண்ணேன்னு கேக்கறாங்க.

அக்கா, நீங்க தப்பா ஒண்ணும் பண்ணலை. அந்த செய்முறை நல்ல தண்ணிக்கு சொன்னது, நம்ம போர் தண்ணிக்கு அது ஒத்து வராது. தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்ப பாத்த உடனே அதோட சேந்து கரையாத ஒரு பசையா மாறிடும், அந்த பசைதான் உங்க டவல்லயும் ரப்பர்லயும் இருக்கறது, சட்டைய சாம்பல் ஆக்கறதும் அதேதான்.

எவ்ளோ வீணாகுதுன்னு ஒரு கணக்கு சொல்றேன். குடிதண்ணிக்கான இந்திய தர அளவுல கடினத்தன்மை (அதாவது அந்த கால்சியம், மெக்னீசியத்தோட அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருந்தா நல்லது, வேற தண்ணி கிடைக்கலைன்னா 600 வரைக்கும் பரவாயில்லன்னு வச்சிருக்காங்க. உங்க தண்ணி 500ன்னு வச்சுக்கோங்க, 20 லிட்டர்ல 10 கிராம் கடினத்தன்மை இருக்கு, அது மட்டுமே சுமார் 60 கிராம் சோப்ப சாப்பிட்டுரும், அதுக்கப்புறம்தான் அழுக்கு பக்கமே சோப்பு போகும். இதுல ஆர்ஓ மெக்கானிக் மீட்டர் விட்டு சொல்ற டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) நம்பர வச்சு முடிவு பண்ணாதீங்க, அதுல சாதா உப்பும் சேந்து வரும், கடினத்தன்மை வேற டெஸ்ட். வீட்லயே பாக்கணும்னா ஒரே மாதிரி ரெண்டு பாட்டில் எடுத்து ஒண்ணுல போர் தண்ணி, ஒண்ணுல மழை தண்ணி பாதி ஊத்தி, கரைச்ச பார் சோப்ப ரெண்டுலயும் ஒரே அளவு சொட்டு விட்டு குலுக்குங்க, நுரை வித்தியாசத்துலயே தெரிஞ்சுரும்.

சரி, சலவை சோடாவும்தான போட்டேன்னு கேப்பீங்க. சோடா கால்சியத்த நல்லா பிடிச்சு ஒதுக்கிடும், ஆனா மெக்னீசியத்துகிட்ட அவ்ளோ பலிக்காது, நம்ம ஊர்லயோ கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் கிடைக்குதே, அந்த மேக்னசைட்ல இருக்கறதே மெக்னீசியம்தான், அந்த பாறை இருக்கற பூமில இருந்து வர்ற தண்ணில மெக்னீசியம் இல்லாம எப்படி இருக்கும். அதனால சோப்ப விட்டுட்டு கடின தண்ணில பசை ஆகாத பொருளுக்கு மாறுங்கன்னுதான் நான் சொல்வேன்.

கெமிக்கல் கடைல எஸ்எல்இஎஸ் பேஸ்ட்னு கேளுங்க, சோப்புக்கு பதிலா அழுக்கு எடுக்கற பொருள் அது, 70 சதவீதம் பேஸ்ட்தான் சாதாரணமா குடுப்பாங்க. 150 கிராம் பேஸ்ட்ட முக்கா லிட்டர் கொதிச்சு ஆறின ஆர்ஓ தண்ணில (குழாய்ல மேட்டூர் காவிரி தண்ணி வந்தா அதுவும் சரி) மெதுவா கலக்குங்க, வேகமா அடிச்சா நுரைதான் வரும், கரையறதுக்கு நேரம் எடுக்கும், ராத்திரி மூடி வச்சிட்டா காலைல கரைஞ்சிருக்கும். அப்புறம் 15 கிராம் கல்லுப்ப கொஞ்சம் தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா விட்டா கெட்டியாகும், நிறைய விட்டா திரும்ப நீத்து போயிரும், கெட்டியானதும் நிறுத்திட்டு மொத்தம் 1 லிட்டர் ஆக்கிக்கோங்க. கெடாம இருக்க எதுவும் போடலை, அதனால ஒரு மாசத்துக்கு மேல வர்ற மாதிரி மொத்தமா பண்ணாதீங்க. மெஷினுக்கு 30 மில்லி போதும், இது நுரை அதிகம் வர்ற சரக்கு, ஃப்ரண்ட் லோட்ல நுரை ஏறினா துணி சரியா அலசாது.

சோடாவ லிக்விட்ல கலக்காதீங்க, தனியா வச்சு தண்ணிக்கு தகுந்த மாதிரி போடுங்க. போர் தண்ணின்னா ஒரு டேபிள்ஸ்பூன் சோடா ஆஷ் (தண்ணி சேராத சலவை சோடா பவுடர்) நேரா டிரம்ல, மேட்டூர் தண்ணி விடற நாள்ல ஒரு டீஸ்பூன். கட்டி கட்டியா பளபளன்னு இருக்கற சலவை சோடா வாங்கினா அதுல பாதிக்கு மேல தண்ணிதான், கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு போடணும். ஆப்ப சோடா இதுக்கு ஆகாது. அலுமினிய பாத்திரத்துல சோடா கரைக்காதீங்க, அரிச்சிரும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா கிட்டயே போகக்கூடாது. அதுக்கு பூந்திக்கொட்டைதான் எனக்கு ரொம்ப புடிச்சது, செவ்வாய்பேட்டை பக்கம் நாட்டு மருந்து கடைல கேளுங்க. கொட்டைய எடுத்துட்டு தோல் 100 கிராம், 1 லிட்டர் தண்ணில ராத்திரி ஊற வச்சு காலைல 20 நிமிஷம் கொதிக்க வச்சு வடிகட்டுங்க, கடின தண்ணிலயும் பசை ஆகாது. ஆனா எண்ணெய் கறை போகாது, வெள்ளை துணில லேசா பழுப்பு ஏறும், ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் ஒரு வாரம்தான், கண்ணுல பட்டா பயங்கரமா எரியும்.

இப்ப சாம்பல் ஆன சட்டையும் டவலும். 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைச்சு வெள்ளை காட்டன் துணிய அரை மணி நேரம் ஊற வச்சு நல்லா அலசிட்டு, அப்புறமா சுடுதண்ணில புது லிக்விடும் சோடாவும் போட்டு துவைங்க. சிட்ரிக் ஆசிடையும் சோடாவையும் ஒண்ணா ஊத்தினா ஒண்ண ஒண்ணு முறிச்சு ரெண்டுமே வீண். சிட்ரிக் ஆசிட், வினிகர் எதையும் பிளீச்சிங் பவுடரோட சேக்கவே சேக்காதீங்க, குளோரின் வாயு வரும், பாத்ரூம்ல கதவ சாத்திட்டு பண்ணா உயிருக்கே ஆபத்து.

ஆசிட் சிலரியும் (சோப்புத்தூள் பண்ண உதவற ஒரு ஆசிட்) காஸ்டிக் சோடாவும் வச்சு பவுடர் பண்ற கிட் மலிவா கிடைக்குதேன்னு கேட்டிருந்தீங்க, சின்ன பசங்க இருக்கற வீட்ல வேண்டாம்க்கா, ரெண்டுமே தோலையும் கண்ணையும் அரிக்கற சரக்கு, கலக்கும்போது சூடாகி தெறிக்கும். வெங்காரமும் (போராக்ஸ்) வேண்டாம், பசங்க வாய்ல போட்டுரக்கூடாது. எது பண்ணாலும் கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க, பேர் எழுதி ஒட்டி பசங்க கைக்கு எட்டாத மேல் தட்டுல வைங்க.