பக்கத்து வீட்டு நாயைக் கட்டிப்போட யாரிடம் போவது?

கேள்வி: பக்கத்து வீட்டு ராட்வைலர், திறந்து கிடந்த கேட் வழியே வந்து என் மகளின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தெருவில் அது கடித்த இரண்டாவது ஆள் இவள். போலீஸ் மாநகராட்சியைக் கைகாட்டுகிறது, மாநகராட்சி போலீஸை. 5,000 ரூபாய் கொடுத்தால் நாயைத் தூக்கிவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தப் பணத்தை மடித்து உள்ளே வையுங்கள். இப்படிக் கிளம்புகிறவர்கள் நாயைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுவார்கள், இல்லாவிட்டால் கறியில் விஷம். அடுத்தவர் நாயைக் கொன்றால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்க வேண்டிய நீங்களே குற்றவாளி ஆவீர்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கவும் வேண்டும். அது காணாமல் போனால் வெறி உண்டா என்றே தெரியாது. (அதற்காக ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.)

போலீஸ் கைகழுவ முடியாது. நாயைக் கவனக்குறைவாக விட்டவர் மீது அதே சட்டத்தின் 291-ஆம் பிரிவு பாயும்: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

ஆனால் அந்த வழக்கு ஆளைத்தான் பிடிக்கும், நாயை அல்ல. ஆபத்தான விலங்கைக் கட்டிவைக்கவோ அப்புறப்படுத்தவோ, ஏன், கொல்லவோகூட உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு இருக்கிறது, பி.என்.எஸ்.எஸ். என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 133. அந்த உத்தரவை நாய்க்காரர் குறித்த நாளுக்குள் செய்ய வேண்டும், இல்லையென்றால் நேரில் வந்து ஆட்சேபம் சொல்ல வேண்டும். இதை எந்த கவுண்டரிலும் சொல்ல மாட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு, நாலு மேஜை ஏறி இறங்கி அதே மாநகராட்சிக்கே வந்து சேரும். நேராகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்.

வாசலில் மனு எழுதுகிறவர்களிடம் ஜாக்கிரதை. சுற்றுச்சுவர் தகராறு, பழைய பாதைச் சண்டை என்று எல்லாவற்றையும் சேர்த்து மூன்று பக்கம் எழுதுவார்கள். படிக்கும் அதிகாரி "இது சிவில் விவகாரம்" என்று ஓரமாக வைத்துவிடுவார். ஒரு பக்கம் போதும்: இரண்டு கடி, இரண்டு தேதி, மருத்துவமனைச் சீட்டுகள், தெருவாசிகள் நாலு பேர் கையெழுத்து. தெருவுக்கே ஆபத்து என்பதுதான் இங்கே எடுபடும்.

ஒரே ஒரு சிக்கல் வரலாம். "அது என் நாயே இல்லை, தெரு நாய், சோறு மட்டும் போடுகிறேன்" என்று அவர் பல்டி அடிக்கலாம். தெரு நாய்க்கு விதி வேறு. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநாய்க்கும் மூர்க்கமான நாய்க்கும் அது பொருந்தாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 291, 152 இரண்டுமே சொந்தமா என்று மட்டும் பார்ப்பதில்லை. யார் வசம் இருக்கிறது என்றும் பார்க்கின்றன. சோறு போடுவதாலேயே ஒருவர் வசம் ஆகிவிடாது. சரி, கழுத்துப்பட்டை? இரவில் அவர் வீட்டுக்குள் படுக்கை? அவர் பெயரில் தடுப்பூசி அட்டை? இவற்றுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். எனவே சங்கிலியோடு அவர் நடக்கவிடும்போது இன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் போன பிறகு சங்கிலியைக் கழற்றிவிடுவார்.