ஏற்காட்டுக் கோயிலில் மகாமேருவை, அதாவது ஸ்ரீசக்கரத்தின் முப்பரிமாண வடிவத்தை, பார்த்த பிறகு அம்பாள் வழிபாட்டு யந்திரமான ஸ்ரீசக்கரம் வரைய ஆசை. மறைஞானப் பயிற்சி கற்பனையைத் திறந்துவிடுமா?

திறந்துவிடும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஐரோப்பிய ஓவியம் கொடுத்தது. ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளின்ட் ஆவிகளின் கட்டளை என்று நம்பி 1906இல் ஓர் ஓவிய வரிசையைத் தொடங்கினார். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி, மறைஞானம் பேசிய பிரம்மஞான சபையார் எழுத்துகளைப் படித்தவர். ஸ்ரீசக்கரம் வேறு ரகம். கீழ்நோக்கி 5, மேல்நோக்கி 4 முக்கோணங்கள். அவை வெட்டிக்கொள்வதில் 43 சிறு முக்கோணங்கள். புதிதாகச் சேர்க்க எதுவுமில்லை.

வரைந்து பாருங்கள். 24 செ.மீ. விட்டத்தில் வட்டம் போட்டு, செங்குத்து விட்டத்தை 48 அலகாகப் பிரியுங்கள். ஓர் அலகு 5 மி.மீ. மேலிருந்து 6, 12, 17, 20, 23, 27, 30, 36, 42ஆம் அலகுகளில் ஒன்பது கிடைக்கோடுகள். 3ஆம், 7ஆம் கோடுகள் வட்டத்தைத் தொட்டபடியே இருக்கட்டும். மற்றவற்றை இரு முனையிலும் அழிக்க வேண்டும்: 1இல் 3 அலகு, 2இல் 5, 4இல் 16, 5இல் 18, 6இல் 16, 8இல் 4, 9இல் 3. பிறகு 1இன் முனைகளை 6இன் நடுவோடு இணையுங்கள். அதேபோல் 2ஐ 9ஓடு, 3ஐ வட்டத்தின் அடியோடு, 4ஐ 8ஓடு, 5ஐ 7ஓடு. மேல்நோக்கி 6ஐ 2ஓடு, 7ஐ வட்டத்தின் உச்சியோடு, 8ஐ 1ஓடு, 9ஐ 3ஓடு.

மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் இடத்துக்கு மர்மம் என்று பெயர். விதிப்படியே போட்டாலும் எல்லா மர்மங்களிலும் கோடுகள் சரியாகக் கூடிவிடாது. 8ஆம் கோட்டின்மேல் 3, 9ஆம் கோடுகளை அடியாகக் கொண்ட முக்கோணங்களின் பக்கங்கள் சுமார் 4½ மி.மீ. விலகி விழும். நடுவில் ஒரு திருட்டு முக்கோணம் முளைத்து எண்ணிக்கை கெடும். 9ஆம் கோட்டில் 4 அலகாக அழித்தால் விலகல் அரை மி.மீ. சொச்சத்துக்கு வந்துவிடும். மிச்சத்தைக் கோடுகளை மயிரிழை ஏற்றி இறக்கித்தான் சரிக்கட்ட வேண்டும். அதிலும் 4, 5 தவிர்த்து ஒவ்வொரு கோடும் ஒரு முக்கோணத்துக்கு அடி, இன்னொன்றுக்கு உச்சி. ஒன்றைத் தொட்டால் இரண்டு அசையும்.

படைப்பு வேலை நடப்பது இங்கேதான். எங்கே விட்டுக்கொடுப்பது என்று விதி சொல்லாது, கண் சொல்ல வேண்டும். ஆவரணங்களை, அதாவது சக்கரத்தின் சுற்றுகளை, வரிசையாக நினைத்து வரையும் உபாசகருக்கு அவசரம் போகும், எது எதோடு சேரும் என்பது மறக்காது. தரிசனம் தனி விஷயம்.

சுதந்திரம்தான் வேண்டுமென்றால் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வழி இருக்கிறது. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம் போன்றவற்றின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அர்த்தத்தைக் கழற்றிவிட்டார். அது நேர்மையான வழி.

ஏற்காட்டு மூடுபனியில் சார்ட் பேப்பர் ஈரம் இழுத்து நீளும். அளப்பதையும் வரைவதையும் ஒரே அமர்வில் முடியுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளித் தகட்டில் வெட்டக் கொடுப்பதானால், பென்சில் படத்தில் 43ஐயும் எண்ணிவிட்டுக் கொடுங்கள். உளி பட்ட கோட்டை அழிக்க முடியாது.