அலாட்மென்ட் காணியும் கவுன்சில் கடிதமும்: கேள்வி பதில்

அலாட்மென்ட் என்றால் மரக்கறி நடக் கவுன்சில் வாடகைக்குத் தரும் காணித்துண்டு. லண்டன் புறநகர் ஒன்றில் எங்கள் அலாட்மென்ட் சங்கத்துக்குப் பதினாறு வருடம் செயலாளராக இருந்தேன். கவுன்சிலோடு சண்டை பிடித்திருக்கிறேன்; காணியைக் காடாக்கிய நம்மவர்களையும் ஏசியிருக்கிறேன். நான் லோயர் இல்லை. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்கொட்லாந்துக்கு வேறு.

அண்ணா, போன வருடத்திலிருந்து முதுகு வருத்தம். காணி பற்றையாகிவிட்டது. ஒரு மாதத்தில் விடச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. 12 மாத நோட்டீஸ் தர வேண்டாமா?

எல்லோரும் தடுமாறும் இடம் இது. உங்கள் பக்கம் பிழை இல்லாமல் எழுப்புவதென்றால்தான் 12 மாதம். அந்த நோட்டீஸும் ஏப்ரல் 6க்குள் அல்லது செப்டம்பர் 29இலோ அதற்குப் பிறகோ முடிய வேண்டும்; நட்டவன் அறுக்காமல் போகக்கூடாது என்ற கணக்கு. ஆனால் ஒப்பந்தத்தை மீறினால், அல்லது வாடகை 40 நாள் நிலுவையில் நின்றால், 1908 அலாட்மென்ட் சட்டப்படி ஒரு மாதமே போதும். பற்றை விடுவது மீறல்தான்.

அதனால் கடிதத்தை எடுத்து எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் எச்சரிக்கைக் கடிதம் தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அது வந்ததா? வராவிட்டால் அதையே எழுதிக் கேளுங்கள். டாக்டரின் கடிதத்தையும் வையுங்கள். வருத்தம் 12 மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலைகளைப் பெரிதாகப் பாதித்தால், 2010 சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான சலுகை கேட்கலாம். அரைக் காணியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நீங்களே முன்வந்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். முழுக்காணி 10 ரொட் (பழைய ஆங்கில நில அளவு), ஏறக்குறைய 250 சதுர மீற்றர். நோகும் முதுகுக்கு அது அதிகம். இந்தக் கிழமையே கால்வாசியைக் கொத்தி, மிச்சத்தைக் கறுப்புப் படங்கால் மூடி, திகதியோடு படம் எடுங்கள். தொலைபேசியில் அழுது பிரயோசனம் இல்லை.

கோழி வளர்க்க ஒப்பந்தத்தில் தடை. உண்மையில் முடியாதா?

முடியும். 1950 அலாட்மென்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒப்பந்தத்தை மீறி நிற்கும்: பேட்டுக்கோழியும் முயலும் வைக்கலாம், வியாபாரம் கூடாது, அயலுக்குத் தொல்லை கூடாது. சேவல் இல்லை! 2024 ஒக்டோபரிலிருந்து ஒரு கோழி என்றாலும் அரசிடம் பதிய வேண்டும்.

வாடகையை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கிவிட்டார்கள்.

சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. குத்தகைக்காரர் நியாயமாகக் கொடுக்கக்கூடிய வாடகை என்றுதான் இருக்கிறது. ஆனால் எண்பதுகளில் ரைகேட் அண்ட் பான்ஸ்டெட் கவுன்சிலுக்கு எதிரான வழக்கு ஒன்று கைகொடுக்கும். கவுன்சிலின் மற்றப் பொழுதுபோக்கு வசதிகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டுத்தான் கூட்டலாம் என்றது நீதிமன்றம். நீச்சல்குளத்துக்கு எத்தனை வீதம் கூட்டினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். தனியாக இல்லை, சங்கமாக.

எங்கள் இடத்தில் வீடு கட்டப் போவதாகக் கதை. தடுக்கலாமா?

முதல் கேள்வி: அது சட்டபூர்வ அலாட்மென்டா, தற்காலிகமா? கவுன்சில் அலாட்மென்டுக்கென்றே வாங்கிய அல்லது ஒதுக்கிய நிலம் என்றால், 1925 அலாட்மென்ட் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி அமைச்சரின் அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு தேவைக்கு மாற்றவோ முடியாது. தற்காலிகம் என்றால் அந்தக் காப்பு இல்லை. அனுமதி வந்தாலும் எதிர்க்கலாம், ஆனால் வெல்வோம் என்று சொல்லமாட்டேன். வொட்பேர்ட் நகரத்து ஃபார்ம் டெரஸ் அலாட்மென்ட்காரர் இரண்டு தரம் அனுமதியை விழுத்தினார்கள். மூன்றாவதை 2016இல் உயர் நீதிமன்றம் சரி என்றுவிட்டது.

கவுன்சில் பதிலே தருவதில்லை. மேலே எங்கே போவது?

கவுன்சிலின் சொந்த முறைப்பாட்டுப் படிகளை முடித்துவிட்டு ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாட்டை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி), பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள். நிலம் பாரிஷ் கவுன்சிலுடையது (ஊர் மட்டத்துச் சின்னக் கவுன்சில்) என்றால் அந்த வாசல் பூட்டு.

மூன்று மாதம் ஊருக்குப் போகிறேன். காணியை மச்சானிடம் கொடுக்கலாமா?

தண்ணி ஊற்றச் சொல்லலாம், கொடுக்க முடியாது. உள்குத்தகைக்குச் சட்டத்திலேயே தடை. போகமுன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை இல்லை, மச்சான் பார்ப்பார் என்று. மச்சான் பயித்தங்காய் ஆய்ந்துகொண்டு போனால் கவுன்சில் கேட்காது, அது உங்கள் வீட்டுப் பிரச்சினை.