எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்து கார் ஓட்டும்போது மச்சான் பக்கத்தில் இருந்தால் போதுமா? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான் இருக்கணும் என்கிறார்களே?

போதும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான் உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை. தமிழ்நாட்டு எல்.எல்.ஆர். கேரளாவின் கொழிஞ்சாம்பாறையிலும் செல்லும், இந்தியா முழுக்கச் செல்லும்.

மாஸ்டர்தான் இருக்கணும் என்று உங்களிடம் சொன்னவர் இரண்டு விதிகளைக் குழப்பியிருப்பார். பத்தாம் வகுப்பு, 5 வருட அனுபவம், மெக்கானிக் சான்றிதழ், இரட்டைப் பெடல் கார் இதெல்லாம் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி, ஓட்டுநர் பள்ளிக்கானது. எல்.எல்.ஆர். வைத்துப் பழகும் உங்களுக்கு 3-ஆவது விதி.

அதன்படி மூன்று விஷயங்களைப் பாருங்கள்:

1. மச்சானின் லைசென்ஸை வாங்கிப் பாருங்கள்: எல்.எம்.வி. (கார் போன்ற இலகு ரக வாகனம்) இருக்கணும், தேதி முடிந்திருக்கக் கூடாது. பைக் லைசென்ஸ் மட்டும் என்றால் ஆகாது.

2. வண்டியை நிறுத்த முடிகிற இடத்தில் அவர் உட்காரணும். முன் சீட், ஹேண்ட்பிரேக் கைக்கெட்டும் தூரம். பின் சீட்டிலிருந்து 'பிரேக், பிரேக்' என்று கத்துவது கணக்கில் வராது! ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் பட்டன் உள்ள கார் என்றால், ஓடும்போது அது எப்படிப் பிடிக்கிறது என்று காலி மைதானத்தில் பழகட்டும்.

3. வண்டியில் வெள்ளை அட்டையில் சிவப்பு 'எல்' எழுத்து; அட்டை குறைந்தது 18 செ.மீ. சதுரம். பின்னால் மட்டுமல்ல, முன்னாலும்.

இதில் ஒன்று தவறினாலும் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் பிடிப்பார். பாலிசியிலேயே 3-ஆவது விதியைச் சொல்லியிருக்கும். மச்சான் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே சொல்லித்தர ஆரம்பித்தால், பள்ளி உரிமம் இல்லாமல் முடியாது.