கேபிள்காரர் கழற்றிப்போன செட்டாப் பாக்ஸ் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 2017-ல், "இனி பாக்ஸ் இல்லாமல் படம் தெரியாது" என்று எங்கள் ஊர் கேபிள்காரர் வீட்டுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செட்டாப் பாக்ஸ் மாட்டினார். ரசீது தரவில்லை. போன மாதம், வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாகச் சொல்லிப் பாக்ஸைக் கழற்றிப் போய்விட்டார். புதுப் பாக்ஸுக்கு 1,200 ரூபாய் கேட்கிறார். பழையது என்னுடையதுதானே என்றால், "அது கம்பெனி பாக்ஸ்" என்கிறார். ரிமோட் மட்டும் என்னிடம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, 2017-ல் அவர் சொன்னதில் பொய்யில்லை. கேபிள் டிவி சட்டத்தை 2011-ல் திருத்தி, பாக்ஸ் இல்லாமல் படம் தெரிந்த பழைய அனலாக் முறையைக் கட்டம் கட்டமாக நிறுத்தினார்கள். கிராமங்களுக்குக் கடைசிக் கெடு 2017 மார்ச் 31. ஒரு கம்பெனியின் பாக்ஸ் இன்னொரு கம்பெனியின் சிக்னலில் வேலை செய்யாது என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் பாக்ஸை எடுத்துக்கொள்ளும் உரிமை இதனால் அவருக்கு வந்துவிடாது.

பாக்ஸ் யாருக்குச் சொந்தம் என்பது நீங்கள் எந்த வகையில் பணம் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கேபிள் டிவியையும் ஒழுங்குபடுத்தும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் மூன்று வழிகள் உண்டு: மொத்த விலைக்கு வாங்குவது, தவணையில் வாங்குவது, வாடகைக்கு எடுப்பது. விலைக்கு வாங்கியிருந்தால் பாக்ஸ் உங்களுடையது. வாடகை என்றால் கம்பெனியுடையது. ஆனால் அப்போது 1,500 ரூபாயை எதற்கு வாங்கினார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். டெபாசிட் என்று சொன்னால், பாக்ஸைத் திரும்ப எடுத்தவர் டெபாசிட்டையும் திருப்பித் தர வேண்டும். இணைப்புக் கொடுக்கும்போது விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பி, அதன் நகலை உங்களிடம் தந்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரிடம் இருக்காது.

ரசீது இல்லையே என்று தளர வேண்டாம். விற்ற பொருளுக்கு ரசீது தராததை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிக நடவடிக்கை என்றே சொல்கிறது. நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் முடிவெடுக்கும். அதனால் வீட்டில் தேடுங்கள். மாதச் சந்தா கட்டியதற்கு அவர் கையெழுத்துப் போட்ட அட்டை, காலண்டரில் நீங்கள் குறித்து வைத்த தேதிகள், செல்போனில் அனுப்பிய பணம், கம்பெனியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, எல்லாமே உதவும். பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை எங்காவது எழுதியோ படம் எடுத்தோ வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதே 1,500 கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பிரமாணப் பத்திரம் தந்தால் உங்கள் வழக்கு நன்றாக நிற்கும்.

அடுத்தது காலக்கெடு. நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம்தான். 2017-ல் விலை அதிகம் வாங்கினார் என்று இப்போது கேட்க முடியாது, அது காலாவதி. ஆனால் உங்கள் பாக்ஸை எடுத்தது போன மாதம். உங்கள் புகார் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பழைய கதையை முதலில் எழுதிவிட்டு, நல்ல வழக்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

முதலில் அவருக்கும் பழைய கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். "நான் 1,500 ரூபாய் கொடுத்து வாங்கிய செட்டாப் பாக்ஸை இந்தத் தேதியில் எடுத்துச் சென்றீர்கள். 15 நாளில் பாக்ஸையோ அதற்கு ஈடான பணத்தையோ தர வேண்டும்." இவ்வளவு போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கேபிள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரும் அதிகாரம் உள்ள அதிகாரி. ஊரில் பல வீடுகளில் இப்படி நடந்திருந்தால், எல்லாரும் கையெழுத்திட்டுத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். என் அனுபவத்தில், தனி ஆளின் கடிதத்துக்கு அசையாதவர்கள் இதற்கு அசைவார்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். பல வருடம் ஓடிய பாக்ஸுக்கு முழு 1,500 கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஆணையம் ஏதாவது சேர்த்துத் தரலாம்.

புதுப் பாக்ஸை அவரிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, டிடிஎச்சுக்கும் மாறலாம். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தாவே கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும். ஆனால் தமிழ்ச் சேனல்கள் குறைவு. அவரிடமே வாங்குவதானால் இது விலைக்கா, வாடகைக்கா என்று எழுதி வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.

அப்புறம், அந்த ரிமோட்டையும் கேட்டு வருவார். "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டு, பாக்ஸ் எடுத்ததையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் கொடுங்கள்.