திறந்த மூலச் சொல் செயலியின் பெரிய பதிப்பை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான்: "நாங்கள் நாலு பேர் சேர்ந்து திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) ஒரு தமிழ்ச் சொல் செயலி, அதாவது வேர்ட் மாதிரி தட்டச்சு மென்பொருள், எழுதுகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. முதல் பெரிய பதிப்பை எப்படித் திட்டமிடலாம்? நினைத்த வசதிகள் எல்லாம் முடிந்த பிறகு வெளியிடலாமா?"

வேண்டாம். முதலில் தேதியைக் குறித்துவிடுங்கள், வசதிகளின் பட்டியலை அப்புறம் போடலாம்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. சொந்த ஊர் குடியாத்தம், வேலூர் சத்துவாச்சாரியில் கோர்ட்டுப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களாக லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் பீட்டா (சோதனைக்கு விடுவது), ஆர்.சி. (வெளியீட்டுக்கு முந்தைய கடைசிக் கட்டம்) பதிப்புகளைத் தமிழ்க் கோப்புகளோடு ஓட்டிப் பார்த்து, கோளாறு தெரிந்தால் எழுதி அனுப்புகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத் திருவிழா வைகாசி 1 என்றால் வைகாசி 1தான். பந்தல் போட்டு முடிக்காத தெருவுக்காக சிரசு நிற்காது, அந்தத் தெருக்காரர்கள் அடுத்த வருடம் சித்திரையிலேயே மூங்கில் இறக்கிவிடுவார்கள். லிப்ரே ஆபிஸும் இப்படித்தான் ஓடுகிறது. 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்தார்கள், 2011 ஜனவரியில் 3.3 வந்தது, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு என்ற வழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். இப்போது பதிப்பு எண்ணே தேதிதான்: 7.6க்கு அடுத்தது 24.2, அதாவது 2024 பிப்ரவரி, அதன் பிறகு 24.8, 25.2, 25.8.

வசதி முடிந்ததும் வெளியிடுவோம் என்றால் என்ன ஆகும்? நாலு பேரில் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு வேலை மாற்றம், அவர் கையில் இருக்கும் அட்டவணைப் பகுதி பாதியில் நிற்கும், மற்ற மூவர் முடித்து வைத்தது எல்லாம் அதற்காக ஒரு வருடம் யார் கைக்கும் போகாமல் கிடக்கும். தேதி நிச்சயம் என்றால் அடுத்த பதிப்பு ஆறு மாதத்தில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அரைகுறையாக எதையும் உள்ளே தள்ள வேண்டிய அவசரம் இருக்காது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய லாபம். லிப்ரே ஆபிஸில் கொலாபொரா போன்ற நிறுவனங்களின் சம்பளக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கே இந்தக் கட்டு தேவைப்படுகிறது என்றால் உங்களுக்கு இன்னும் தேவை.

முடியாத வசதியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 'சோதனை நிலை வசதிகள்' என்று அமைப்புகளில் ஒரு டிக் பெட்டி வைத்து அதற்குள் அடைத்துவிடலாம், வேண்டும் என்பவர் திறந்துகொள்வார். லிப்ரே ஆபிஸில் எம்.எஸ். வேர்டின் ரிப்பன் மாதிரி மேலே பட்டையாக வரும் நோட்புக்பார் 2017இல் 5.3 பதிப்பில் அப்படித்தான் வந்தது, 2019இல் 6.2 வந்தபோதுதான் எல்லோருக்குமாக வெளியே வந்தது. இரண்டு வருடம். அதற்காக நடுவில் எந்தப் பதிப்பும் நிற்கவில்லை.

லிப்ரே ஆபிஸின் நாட்காட்டி சுமாராக இப்படிப் போகும். ஆகஸ்ட் வெளியீடு என்றால் மே மாதம் ஆல்ஃபா (முதல் சோதனைப் பதிப்பு), ஜூனில் பீட்டா, அதோடு புது வசதிக்குக் கதவு மூடிவிடும், ஜூலையில் ஆர்.சி. தொடங்கும். ஆர்.சி. நேரத்தில் மெனுவில் வரும் ஆங்கில வார்த்தையைக்கூட மாற்ற விடமாட்டார்கள், மொழிபெயர்ப்பவர்களுக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காக. வெளியீட்டுக் கிளையில் (வெளியீட்டுக்காகத் தனியே பிரித்து வைத்த நிரல் பிரதியில்) ஒரு திருத்தம் போக வேண்டுமானால் எழுதியவரைத் தவிர வேறு ஆளும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், கடைசிக் கிளையில் இன்னும் கூடுதல் ஆள்.

சோதனைதான் கஷ்டமான இடம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு செயலியின் (பெயர் இங்கே வேண்டாம்) பீட்டா வந்தபோது கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை, நான் பார்க்கவில்லை. கடைசி ஆர்.சி. வாரத்தில்தான் ஒரு கிரயப் பத்திரத்தைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்திரம் எழுதும் பெரியவர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா இது, நாலு பக்கம் அஞ்சு பக்கமா வந்துக்கீது?" என்றார். சொத்து விவர அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் துளி இடம் கூடியிருந்தது, அது சேர்ந்து சேர்ந்து 'வடக்கே, தெற்கே' என்ற எல்லை வரிகளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. பத்திரத் தாளை எண்ணி வாங்கி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து விழ வேண்டும், ஒரு வரி நகர்ந்தால் சும்மா இல்லை. எழுதி அனுப்பினேன். பக்க அமைப்பைத் தொடும் திருத்தம் என்பதால் இந்தப் பதிப்பில் வேண்டாம், அடுத்த மாதத் திருத்தப் பதிப்பில் போடுகிறோம் என்று பதில் வந்தது. அன்றைக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் செய்தது சரி, கடைசி வாரத்தில் அவசரமாகக் கை வைத்திருந்தால் இன்னும் பத்து இடத்தில் உடைந்திருக்கும்.

அதனால் உங்கள் சோதனைக் கோப்புகளை இப்போதே சேருங்கள். கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் வரி முடிவில் வரும்படி ஒரு கோப்பு. கொம்பு தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கிறதா, பேக்ஸ்பேஸ் அடித்தால் காலும் கொம்பும் எப்படி அழிகின்றன என்று கையால் தட்டிப் பாருங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே கோப்பைத் திறந்து வரி உடையும் இடத்தை ஒப்பிடுங்கள். லிப்ரே ஆபிஸிலேயே 5.3 வரும்வரை எழுத்தைக் கோக்கும் வேலையை ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒவ்வொரு எஞ்சின் செய்தது, அந்தப் பதிப்பில்தான் எல்லா இடத்துக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எஞ்சின் வந்தது. நீங்கள் முதல் நாளிலிருந்தே ஹார்ஃப்பஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தினம் ஒரு பில்டு (அன்றைய நிரலைத் தொகுத்து ஓட்டத் தயாராக்கியது) எடுத்து ஒன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். லிப்ரே ஆபிஸில் பைபைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது, தொகுத்து முடித்த பில்டுகளை கிட் (git) என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவில் உள்ளதைத் திறந்து பார்த்து 'நல்லது', 'கெட்டது' என்று சொல்லிக்கொண்டே போனால் ஆயிரம் பில்டில் எந்த மாற்றத்தால் உடைந்தது என்பது பத்துத் தடவையில் தெரிந்துவிடும். நிரல் தெரியாத என் மாதிரி ஆள்கூட ஒரு சாயங்காலத்தில் செய்கிற வேலை இது. நிரல் எழுதுபவருக்கு எத்தனை நாள் மிச்சமாகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தேதி எது? எங்கள் பக்கம் ஆடியில் கிரயம் பதிவு செய்ய அதிகம் பேர் வரமாட்டார்கள். பத்திரம் எழுதுபவர்களும் டிடிபி கடைக்காரர்களும் கொஞ்சம் சும்மா இருக்கும் மாதம் அது. உங்கள் ஆர்.சி. ஆடி முதல் வாரம் வரட்டும், உண்மையான கோப்புகளோடு உட்கார ஆள் கிடைக்கும். ஆடி கடைசியில் வெளியிடுங்கள். ஆவணி முகூர்த்தக் கூட்டம் தொடங்கியதும் புதுக் கோளாறு கட்டாயம் வரும், அதற்கு ஒரு மாதத்தில் முதல் திருத்தப் பதிப்பு என்று அந்தத் தேதியையும் இப்போதே அறிவித்துவிடுங்கள். பத்திர வேலைக்கு .0 பதிப்பை (திருத்தம் எதுவும் வராத முதல் வெளியீட்டை) உடனே போடாதீர்கள், முதல் திருத்தம் வந்ததும் மாறுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதுங்கள், பயப்பட வேண்டாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆர்.சி. தயாரானதும் இந்தப் பதிலுக்குக் கீழே சொல்லுங்கள். பெயர், சர்வே எண் எல்லாம் மாற்றிய நாற்பது மாதிரிப் பத்திரங்கள் என்னிடம் இருக்கின்றன, ஓட்டிப் பார்த்து எழுதித் தருகிறேன்.