எந்த வாசலில் நிற்கிறீர்கள்? அமெரிக்க நீதிமன்றங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

என் மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். அவளுடைய விவாகரத்து வழக்கு ‘சுப்ரீம் கோர்ட்’டில் நடப்பதாக நீதிமன்றத் தாளில் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே உச்ச நீதிமன்றமா? அங்கே தோற்றால் மேலே போக வழியே இல்லையா?
– மதுரை வாசகி

கலங்க வேண்டாம் அம்மா. நியூயார்க் மாநிலத்தில் வழக்கு தொடங்கும் நீதிமன்றத்துக்கே ‘சுப்ரீம் கோர்ட்’ என்று பெயர். விவாகரத்து வழக்குகள் அங்கேதான் நடக்கும். அதற்கு மேலே மேல்முறையீட்டுப் பிரிவு உண்டு. அதற்கும் மேலே, அந்த மாநிலத்தின் உச்சியில், ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’ இருக்கிறது. பெயர்கள் தலைகீழாக இருப்பதால் அமெரிக்கர்களே இதில் குழம்புவார்கள். வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும் 9 நீதிபதிகளுக்கும் உங்கள் மகளின் வழக்குக்கும் தொடர்பு இல்லை.

நம் ஊரில் முன்சீப் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு, மாநிலச் சட்டமானாலும் மத்தியச் சட்டமானாலும், ஒரே ஏணியில் ஏறி டெல்லி வரை போகலாம். அமெரிக்காவில் ஏணிகள் தனித்தனி. 50 மாநிலங்களும் ஆளுக்கொன்று வைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் கூட்டாட்சி அரசின் ஏணி நிற்கிறது: அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் ஒரே உச்ச நீதிமன்றம். இந்த ‘மாவட்ட’த்தை நம் மாவட்டம் போல நினைத்துவிடக் கூடாது. நியூ ஜெர்சி மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம், டெக்சாஸில் 4.

திருமணம், விவாகரத்து, உயில், வீட்டு வாடகை, திருட்டு, பெரும்பாலான கொலை வழக்குகள் எல்லாம் மாநில ஏணிக்குரியவை. அமெரிக்காவில் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பகுதி அங்கேதான் தொடங்கி அங்கேயே முடிகிறது. கூட்டாட்சி நீதிமன்றங்கள் செய்தியில் அடிபடும் அளவுக்குச் சாதாரண மனிதரின் வாழ்க்கையில் குறுக்கிடுவதில்லை.

டெக்சாஸில் உள்ள ஒரு நிறுவனம் பின்னலாடை வாங்கிவிட்டு 60,000 டாலர் பாக்கி வைத்திருக்கிறது. நான் வெளிநாட்டவன் என்பதால் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தானே வழக்குப் போட வேண்டும்?
– திருப்பூர் ஏற்றுமதியாளர்

பாதி சரி. கூட்டாட்சி நீதிமன்றத்துக்குள் நுழைய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. வழக்கு கூட்டாட்சிச் சட்டத்தையோ அரசியல் சாசனத்தையோ பற்றியதாக இருந்தால் தொகை பொருட்டில்லை. வெறும் கடன், ஒப்பந்தத் தகராறு என்றால், இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராகவோ, ஒருவர் அமெரிக்கராகவும் மற்றவர் வெளிநாட்டவராகவோ இருக்க வேண்டும். தகராறுத் தொகையும் 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். உள்ளூர் நீதிமன்றம் வெளியூர்க்காரரை ஓரவஞ்சனையாக நடத்திவிடுமோ என்ற பழைய அச்சத்திலிருந்து பிறந்த விதி இது. 1789-இல் நீதித்துறைச் சட்டம் இயற்றிய காலத்திலிருந்தே இருந்துவருகிறது.

உங்கள் 60,000 டாலர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. டெக்சாஸ் மாநில நீதிமன்றம்தான் உங்களுக்கான இடம். ஆனால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், எந்த நீதிமன்றத்துக்கும் போவதற்கு முன் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கோ ஒரு மாவட்ட நீதிபதி, அதிபரின் உத்தரவை நாடு முழுவதற்கும் நிறுத்திவைக்க முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

இன்று கேட்க வேண்டிய கேள்வி. 2025 ஜனவரி 20 அன்று, தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவரோ அல்லாவிட்டால், அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். எச்-1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொடும் உத்தரவு. மேரிலாந்து, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களில் இருந்த மாவட்ட நீதிபதிகள் அதை நாடு முழுவதற்கும் தடுத்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், 6 பேருக்கு 3 பேர் என்ற கணக்கில், அந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. வழக்காடியவருக்கு முழு நிவாரணம் தருவதற்கு மேல் தடையாணை நீளக் கூடாது என்றது. ஆனால் ஒரே நிலையில் உள்ளவர்கள் எல்லோருக்குமாகக் குழு வழக்குப் போடும் வழியை அடைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் நியூ ஹாம்ப்ஷைர் மாவட்ட நீதிபதி ஒருவர், பாதிக்கப்படும் குழந்தைகளை ஒரு குழுவாக ஏற்று, மீண்டும் தடை கொடுத்தார். ஆக, முடியும், பாதைதான் மாறியிருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898-இல் வந்த தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். இந்தக் குடியுரிமை வாதங்கள் அனைத்தும் அங்கேதான் போய் நிற்கின்றன.

நீதிபதிகளுக்கு ஓய்வு வயதே இல்லையாமே?

கூட்டாட்சி நீதிபதிகளுக்கு இல்லை. அதிபர் முன்மொழிந்து செனட் ஒப்புதல் தந்துவிட்டால் ஆயுள் முழுவதும் பதவிதான். சம்பளத்தையும் குறைக்க முடியாது. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் விசாரித்து நீக்கினால் மட்டுமே பதவி போகும். இதுவரை அப்படி நீக்கப்பட்டவர்கள் 8 பேர்தான். தலைநகர வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2020-இல் தலைமை நீதிபதியான ஸ்ரீ சீனிவாசனின் தந்தை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல எனக்கு ஆசை.

பணமில்லாத ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போக முடியுமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

போயிருக்கிறார். 1961-இல் ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் கிளாரன்ஸ் கிடியன் என்பவர் கைதானார். வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றது மாநில நீதிமன்றம். தானே வாதாடித் தோற்றார். மாநில வழக்கானாலும் அரசியல் சாசன உரிமை பற்றியது என்பதால், சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவருக்காக வாதாட ஒரு பெரிய வழக்கறிஞரையும் நியமித்தது. 1963-இல் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: கடுங்குற்ற வழக்கில் ஏழைக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும். மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும் வழக்கு இது.

எல்லோருக்கும் இது வாய்க்காது. 4 நீதிபதிகளாவது இசைந்தால்தான் மனு விசாரணைக்கு வரும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மனுக்கள் குவிகின்றன. முழு விசாரணைக்கு எடுப்பது 60-ஐ ஒட்டித்தான். மனுவை எடுக்கவில்லை என்பதற்காகக் கீழ்த் தீர்ப்பைச் சரி என்று சொல்லிவிட்டதாகவும் பொருள் கொள்ளக் கூடாது.

என் தம்பிக்குக் குடியேற்ற நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. அவனுக்கும் அரசு வழக்கறிஞர் தருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

தராது. இதைச் சொல்லும்போது மனம் வலிக்கிறது. பெயரில் நீதிமன்றம் என்று இருந்தாலும் அது மேலே சொன்ன ஏணியில் இல்லை. நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அலுவலகம் அது. அங்குள்ள நீதிபதிகளை நியமிப்பவர் அரசின் தலைமை வழக்கறிஞர். ஆயுள் பதவிப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உங்கள் தம்பிக்கு உண்டு, ஆனால் சொந்தச் செலவில்.

அழைத்த நாளில் அவர் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் அவர் இல்லாமலேயே நாடுகடத்தும் உத்தரவு போட்டுவிடலாம். உத்தரவு பாதகமாக வந்தால் அதே அமைச்சகத்தின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். வாரியமும் கைவிட்டால், அப்போதுதான் அந்த வட்டாரத்தின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அதாவது ஆயுள் பதவி நீதிபதிகள் அமரும் இடம், திறக்கிறது. இறுதி உத்தரவிலிருந்து 30 நாளுக்குள் அங்கே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வழக்கறிஞரைத் தேடும் வேலையை அதுவரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.